வெளுத்த தங்கமும் சிவந்த தங்கமும்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய வருஷம் திண்டிவனத்தில் என் தங்கைக்குக் கல்யாணம். விழுப்புரத்தில் நானே உரைகல்லில் உரைக்கச் சொல்லி, மாற்றுப் பார்த்து வாங்கிய சங்கிலியைத் தட்டில் வைத்ததும், மாப்பிள்ளையின் அத்தை முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது, வெளுத்துக்கினு இருக்குது? மட்டத் தங்கமா?"

அப்பா தலை குனிந்துவிட்டார். தாலி ஏறுமா என்று எனக்கும் நடுக்கந்தான். ஆனாலும், "செம்பு கலந்தா சிவக்கும், வெள்ளி கலந்தா வெளுக்குங்க. உங்க கழுத்துல சிவப்பா இருக்கிற சங்கிலியையும் தாங்க, ரெண்டையும் உரைச்சிடலாம்" என்றேன்.

கல்யாணத்துக்கு வந்திருந்த நகை செய்யும் பத்தர் தன் பட்டறையிலிருந்து உரைகல்லை வரவழைத்து, இரண்டையும் உரைத்து, கோடுகள்மேல் தங்கத்தைச் சோதிக்கும் திராவகம் வைத்தார். அத்தை சங்கிலியின் சிவந்த கோடு மங்கியது; கலப்பு அதில்தான் அதிகம். எங்கள் சங்கிலியின் கோடு அப்படியே மின்னியது.

"கெட்டிக்காரிதாம்மா நீ!" என்று சொல்லி, அத்தையே தங்கை கழுத்தில் சங்கிலியைப் போட்டார். அப்பா எல்லோரிடமும், "இவ என் மூத்த பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கல்யாண நகைகளை நிச்சயதார்த்தத்தன்றே இரு வீட்டார் முன்னிலையிலும் உரைத்துக் காட்டிவிடுகிறேன்.