நாவலப்பிட்டியைத் தாண்டாத ரயில்

முதலில் என் கண்ணில் பட்டது குடைதான். கைப்பிடியில் நீல டேப் சுற்றிய கறுப்புக் குடை. அது கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் காலை வேளையில் மேலேறி வந்தது. அதைப் பிடித்திருந்த கை, குடைக்குச் சொந்தக்காரரான பக்கத்து வீட்டு முத்துராஜ் மாமாவின் கை இல்லை. பேக்கரியில் அவரோடு மாவு பிசையும் சுனில் அண்ணன், குடையை விரிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது.

"கமலா அக்கா உள்ளுக்கா?" என்று கேட்டார். என் பதிலுக்கு நிற்கவில்லை. சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் மனைவி கமலா அத்தை அலறினார். போறணை அடுப்பிலிருந்து முதல் தட்டுப் பாண் ரொட்டியை இழுத்து வைத்த மாமா, மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார். அப்படியே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று கோயில் மண்டபத்தில் பலர் அவரைப் பற்றிப் பேசினார்கள். உழைப்பாளி என்றார்கள், கடன் கேட்காத மனிதர் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் தன் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்ததை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான்கு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது என்பது நம் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அது கூரைவரை போகாது. இடுப்பு உயரத்தில் ஒரு கல் பெயர்ந்த ஓட்டை வேறு இருக்கிறது. அத்தையும் நானும் தீப்பெட்டி, உப்பு, கறிவேப்பிலை எல்லாம் அதன் வழியாகத்தான் கொடுத்து வாங்குவோம். அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபோது நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பாவுக்கும் தம்பிக்கும் சமைக்க ஆள் வேண்டும். மாலையில் நான் அடுப்படியில் நிற்கும் நேரமும் மாமா வாசிக்கும் நேரமும் ஒன்று. அவர் வீட்டில் கேட்டவர்கள் இரண்டு பேர், ஆறு வயதுத் தாரணியும் மூன்று வயதுத் தினேஷும். மூன்றாவது ஆளாக நான் சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மற்ற வீடுகளில் பிள்ளைகளைத் தூங்கவைக்கக் கதை சொல்வார்கள். இங்கே தூங்கியது வாசித்தவர். விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே அவருக்குக் கண் சொக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நடைபாதையில் வாங்கிய மெல்லிய படப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. ரயிலில் ஏறிவிட்ட ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. புத்தகத்தில் ஊர்ப் பெயர் எதுவும் கிடையாது. மாமா தானே பெயர் போட்டுக்கொள்வார். ஆட்டுக்குட்டி கண்டியில் ஏறும், பேராதனையில் புல் கேட்கும், கெலிஓயாவில் ஒரு பெரியவரின் தொப்பியைக் கடிக்கும். கம்பளை வரும்போது அவர் குரல் இழுபடும். உலப்பனையில் குறட்டை. பிள்ளைகள் புத்தகத்தை அவர் கையிலிருந்து மெல்ல உருவி மூடி, போர்வையை இழுத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். எத்தனையோ மாலைகள் அந்த ரயில் புறப்பட்டிருக்கிறது. நாவலப்பிட்டியை ஒருநாளும் தாண்டியதில்லை.

மேல்படி வீட்டு ஆறுமுகம் தாத்தாவுக்கு அது தினசரி வேடிக்கை. மாமா வேலை முடிந்து வருவதைப் பார்த்ததும் மேலேயிருந்து சத்தம் கொடுப்பார்.

"என்னடா முத்துராசு, நேத்து எங்க எறங்குன?"

"கம்பளையில தாத்தா."

"அட சீ! முந்தாநாளு உலப்பன வரைக்கும் வந்தியேடா!"

"நேத்து ரெண்டு மூட்ட மாவு கூட தாத்தா. ரயிலுக்குக் கரி பத்தல."

அவர் நன்றாக வாசிப்பவர் அல்ல. சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். நீளமான சொல் வந்தால் மூன்று துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் சத்தமாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொல்வார். சேர்ந்ததும் அவருக்கே பெருமையாக இருக்கும். "பாத்தியா, புடிச்சிட்டேன்!" என்பார். ஒருநாள் அத்தைக்குக் கூச்சமாகிவிட்டது.

"மெதுவாப் படிங்களேன். ஊரே கேக்குது. நீங்க தடுக்குறது எல்லாத்துக்கும் தெரியணுமா?"

"தெரியட்டுமே. நான் தடுக்கித் தடுக்கிப் படிக்கிறதப் பாத்தாத்தான் இதுங்க பயமில்லாமப் படிக்கும். மனசுக்குள்ள படிக்கிறது தனியாத் திங்கிற மாதிரி கமலா. பக்கத்துல இருக்குறவங்களுக்கு என்ன கெடைக்கும்?"

பக்கத்தில் இருந்தவர்களில் நானும் உண்டு என்பது அவருக்குத் தெரியும். என் பக்கம் அம்மிச் சத்தம் கேட்டால் குரலை உயர்த்துவார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "செவுத்துக்காரி" என்பார். ஒரு மாலை அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஓட்டை வழியாகப் புத்தகம் நீட்டப்பட்டது. "செவுத்துக்காரி, இன்னிக்கு நீ படி. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே." நான் முதல் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். குரல்தான் வரவில்லை. புத்தகத்தைத் திருப்பி நீட்டினேன். அவர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. "சரி விடு. ரயில் நாளைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு, கட்டிய தொண்டையோடு தானே வாசித்தார். அன்று ஆட்டுக்குட்டிக்கும் சளி பிடித்திருந்தது.

மாமா போன பிறகு அந்தச் சுவர் பேசவில்லை. கருமாதி முடிந்த சில நாளில், நான் அரிசி களையும்போது ஓட்டை வழியாக ஏதோ விழுந்தது. சுருட்டிய ஆட்டுக்குட்டிப் புத்தகம். குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் தாரணியின் ஒரு கண் தெரிந்தது.

"அக்கா, இத நீங்க வச்சுக்கங்க. இங்க வேணாம்."

"ஏன் தாரணி?"

"வேணாம். நீங்களும் படிக்காதீங்க. சும்மா வச்சுக்கங்க."

அப்பா நினைவு வருகிறதாக்கும் என்று நினைத்து அலுமாரியில் எடுத்து வைத்தேன். ஆனால் மறுநாள் அத்தை வேறு ஒரு புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தொடங்கியபோது, தாரணி வீறிட்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் தம்பியின் இரண்டு காதையும் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். தினேஷுக்கு வலித்தது, அழுதான். அவள் கையை எடுக்கவில்லை. "அம்மா, மூடாதீங்க! புத்தகத்த மூடாதீங்க! படிக்காதீங்க!" என்று கத்தினாள். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றிலிருந்து தாரணி பள்ளிப் புத்தகத்தையும் திறக்கவில்லை. டீச்சர் வாசித்தால் வகுப்பை விட்டு எழுந்து ஓடுகிறாளாம். அத்தையை வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். "இதும் படிப்ப விட்டுருமா?" என்று அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் தாரணி தனியாக நின்றாள். நான் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியவர்களோடு பேசத்தான் எனக்கு வராது. பிள்ளைகளோடு வரும்.

"புத்தகம் என்ன பண்ணுச்சு தாரணி?"

குழாய்த் தண்ணீரில் விரலை நீட்டினாள். பிறகு சொன்னாள்.

"அப்பா கம்பளையில தூங்குனாரு. நான்தான் புத்தகத்த மூடுனேன். இன்னும் எந்திரிக்கல."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று வீட்டில் மாமாவைக் கிடத்தியிருந்தபோது, அவள் அழக்கூடாது என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "அப்பா தூங்குறாரும்மா." "நல்லாத் தூங்குறாரு, சத்தம் போடாத." என் அப்பாவும் சொன்னார். அவர்கள் சொன்னதில் அன்பு இருந்தது. ஆனால் மற்ற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பொய்யைச் சொல்லலாம். புத்தகம் வாசிக்கும்போதெல்லாம் அப்பா தூங்குவதைப் பார்த்த பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. அவள் மூடிய புத்தகத்தில் அப்பா மாட்டிக்கொண்டதாகவே அவள் எண்ணியிருந்தாள். இனி தம்பி, அம்மா, டீச்சர் என்று ஒவ்வொருவராக மாட்டிக்கொள்வார்கள் என்று காவல் காத்திருக்கிறாள்.

"தாரணி, அப்பா அன்னிக்கு எந்திரிச்சாரு."

"பொய்."

"நெசமா. எனக்குச் செவுத்துல எல்லாம் கேக்கும்ல? எந்திரிச்சாரு, மொகம் கழுவுனாரு, இருமுனாரு. கதவத் தொறந்துகிட்டே 'வாரேன்'னு சொன்னாரு. நீ தூங்கிக்கிட்டு இருந்த. குடைய எடுத்துக்கிட்டுத்தான் படி எறங்குனாரு."

அவள் என்னைப் பார்த்தாள்.

"குட சுனில் மாமா கையில வந்துச்சே."

"அது எப்பிடி பேக்கரிக்குப் போச்சு? தூங்குறவங்க குடைய எடுத்துக்கிட்டு வேலைக்குப் போவாங்களா?"

இதை அவள் யோசித்தாள். வாளி நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

"அப்ப ஏன் வரல?"

இந்த இடத்தில் என் குரல் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. "வேலை செய்யிற எடத்துல நெஞ்சு நின்னுருச்சு தாரணி. செத்துட்டாரு. புத்தகம் ஒன்னும் செய்யல, நீயும் ஒன்னும் செய்யல."

அந்தச் சொல்லை அவளிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் வாய் கோணியது. பிறகு, அப்பா போனபோது அழாத அழுகையை எல்லாம் அழுதாள். சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தார். "என்ன புள்ள சொன்ன அவகிட்ட?" என்று என்னை அதட்டினார். நான் சொன்னதை அப்படியே சொன்னேன். என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அத்தை ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டார். "ஆமாடி தங்கம், செத்துட்டாரு. நம்ம அப்பா செத்துட்டாரு" என்றார். இருவரும் அழுது முடிக்கும்வரை நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். ஓட்டை வழியாக நீட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வழியாகப் போனேன். மாமாவின் கதிரை காலியாக இருந்தது. அதில் உட்காரவில்லை, நின்றேன். நின்றுகொண்டு வாசிப்பவள் தூங்கமாட்டாள் என்று தாரணிக்குத் தெரியவேண்டும். அவள் தம்பியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என் கண்களையே பார்த்தாள். காதைப் பொத்தத் தயாராக அவள் கைகள் அவன் தோளில் இருந்தன.

முதல் பக்கம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு நீளமான சொல் வந்தது. தடுக்கினேன். மூன்றாக உடைத்தேன், சேர்த்தேன். "பாத்தியா, புடிச்சிட்டேன்" என்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. தினேஷ் சிரித்தான். பேராதனையில் புல், கெலிஓயாவில் தொப்பி. கம்பளை வந்தபோது தாரணி எழுந்து வந்து, என்னைக் குனியச் சொல்லி, என் இமையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "முழிச்சுத்தான் இருக்கேன்" என்றேன். "ம், போங்க" என்றாள். உலப்பனை தாண்டியது. நாவலப்பிட்டி தாண்டியது. அதற்கப்பாலான பக்கங்களை அந்த வீட்டில் யாரும் சத்தமாகக் கேட்டதில்லை. படம் மட்டும் பார்த்திருக்கிறார்கள். நான் ரயிலை ஹட்டன்வரை கொண்டுபோனேன். கடைசிப் பக்கத்தில் டிக்கெட்டைக் கேட்கிறார்கள். ஆட்டுக்குட்டி அதைத் தின்றுவிட்டிருக்கிறது.

தாரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அப்பாவுக்கு இது தெரியாதே!" என்றாள். அத்தை அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாரணி என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, தானே மூடினாள். மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் விழித்திருந்தேன். தம்பியைப் பார்த்தாள். அவனும் விழித்திருந்தான்.

மாமாவை அறிந்த உங்களுக்கு அவரிடமிருந்து ஒவ்வொன்று மிஞ்சியிருக்கும். யாருக்கோ அவர் கொண்டுவந்து கொடுத்த சூடான பணிஸ் ரொட்டி, யாருக்கோ அவர் தூக்கிக் கொடுத்த மூட்டை. எனக்கு மிஞ்சியது தடுக்கினாலும் சத்தமாக வாசிக்கலாம் என்ற துணிச்சல். தனியாகத் தின்னக்கூடாது என்று அவர் சொன்னாரே, அது.

வாசலுக்கு வந்தேன். மேல்படியில் ஆறுமுகம் தாத்தா நின்றுகொண்டிருந்தார். சுவருக்கு எவ்வளவு காதோ, அவருக்கும் அவ்வளவு காது. ஆனாலும் கேட்க அவருக்குத் தயக்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கத்தைவிட மெல்லக் கேட்டார்.

"என்ன புள்ள... இன்னிக்கு எங்க எறங்குனீங்க?"

வரிசை முழுக்கக் கதவுகள் திறந்திருந்தன. நான் தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஹட்டன்ல, தாத்தா!"