கழுத்துக்குள் ஒரு கறுப்பு வட்டம்

ஒரகடத்தில் அலுமினிய வார்ப்புகளை எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் என் வேலை. சாம்பல் நிறத் திரையில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் அது ப்ளோ ஹோல், உள்ளே காற்றுக்குழி. பீஸ் நேரே கழிவுக்கான சிவப்புத் தொட்டிக்குப் போகும். டிப்ளமோ முடித்த கையோடு வந்த எனக்கு இது அலுக்கவே இல்லை. பஸ்ஸில் கண்ணை மூடினாலும் அந்தச் சாம்பல் நிறம் மிதக்கும்.

ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஒரு தென்காசிக்கார அக்கா. அதே கம்பெனியில் பேக்கிங். அவர் கழுத்தின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்தது.

"வலிக்கவே செய்யலட்டி. புத்துநோய்னா மொதல்ல வலிக்காதாம்லா?" என்றார்.

ஸ்ரீபெரும்புதூரில் ஸ்கேன் எடுக்கத் துணைக்குப் போனேன். அரையிருட்டான அறை. டாக்டரம்மா கழுத்தில் பசையைத் தடவிக் கருவியை மெல்ல நகர்த்தினார். மழைக்கு முந்தைய வானம் போலத் திரை நிறைந்தது. ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் திறந்து திறந்து மூடியது. எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது. மேகங்களுக்கு நடுவே கறுப்பாக, உருண்டையாக ஒன்று மிதந்து வந்து நின்றது.

"ப்ளோ ஹோல்" என்றது என் வாய்.

அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அந்த வார்த்தைக்குப் பிறகு பீஸ் எங்கே போகும் என்று அவருக்கும் தெரியும்.

டாக்டரம்மா கேட்டார், நான் விளக்கினேன், அவர் சிரித்துவிட்டார். "இது உங்க அலுமினியம் இல்லம்மா. இங்க கறுப்புன்னா தண்ணி. தண்ணிக் கட்டி பெரும்பாலும் சாதுதான்." கருவி ஓர் இடத்தில் நின்றது. "ஆனா சுவர் இங்க கொஞ்சம் தடிச்சிருக்கு. சில புற்றுநோயும் தண்ணிக் கட்டி மாதிரியே வரும். ஊசியில கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்."

ஊசி குத்தினார்கள். முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நாங்கள் எல்லாவற்றையும் பேசினோம், கழுத்தைத் தவிர.

லேப் வாசலில் அக்கா கவரை என்னிடம் நீட்டினார். "படி. வாய் மட்டும் முந்தப்பிடாது."

மூன்று முறை படித்தேன். அக்கா சாலையில் போன கன்டெய்னர் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புற்றுநோய் செல் எதுவும் இல்லன்னு போட்டிருக்குக்கா. வெறும் தண்ணிக் கட்டிதான். டாக்டர்கிட்ட காட்டிட்டு, எப்ப எடுக்கறதுன்னு கேட்டுக்கலாம்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

கட்டியை மறைக்கச் சுற்றியிருந்த துப்பட்டாவை அவர் அவிழ்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெறும் கழுத்தோடு வெயிலில் நடந்தார்.