தீப்பெட்டிக்குள் ஐந்து புளியங்கொட்டை

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் எட்டாம் வகுப்பு மொத்தமும் "தெரியாத எண்" என்று ஒப்பிக்கும். அதைக் கண்டுபிடி என்றால் ஒருத்தி முகத்திலும் ஈயாடாது. எனக்கோ கோபம் மூக்குநுனியில். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கையில் கொடுத்தால்தான் ஏறும் என்று ஒருநாள் முடிவு செய்தேன்.

எதிர்க்கடை அண்ணாச்சியிடம் தட்டுத் தராசு கேட்டேன். "வெள்ளிக்கிழமை மட்டும் கேக்காதீக டீச்சர், தராசு அன்னைக்கு வெளிய போகாது" என்று கொடுத்தார். புளியங்கொட்டை பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்தது. காலித் தீப்பெட்டிகள் விடுதிச் சமையலறையிலிருந்து. ஒரு தட்டில் ஐந்தைந்து கொட்டை போட்டு மூடிய இரண்டு தீப்பெட்டியும் வெளியே மூன்று கொட்டையும், மறு தட்டில் பதின்மூன்று கொட்டை. இருபுறமும் மும்மூன்று எடுத்துவிட்டு மீதியைப் பாதியாக்கினால் பெட்டிக்கு ஐந்து. பெட்டிதான் எக்ஸ்.

பெரிய டீச்சருக்கு இதில் நம்பிக்கையில்லை. "திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வாராரு. அவரு சரின்னா வச்சுக்கோ. இல்லேன்னா இந்தக் கடைச் சாமானெல்லாம் அன்னைக்கே போயிரணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்து, எல்லாவற்றையும் தட்டுகளில் வைத்து முதன்முறையாகத் தராசைத் தூக்கிப் பார்த்தேன். பெட்டிகள் இருந்த தட்டு தொப்பென்று இறங்கியது. வெறும் தீப்பெட்டிக்கும் எடை உண்டு என்பது கணக்குப் படித்த எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பெட்டி ஏறக்குறைய நான்கு கொட்டை கனம். பதற்றத்தில் புத்தி ஓடவில்லை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நான்கு கொட்டையை எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் உள்ளே விட்டுத் தாள் ஒட்டினேன். தராசு சமமாக நின்றது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் முன்னால் பிள்ளைகள் அருமையாகச் செய்தார்கள். அவர் ஒரு பெட்டியை எடுத்து, முன்வரிசையில் இருந்த விடுதிப் பெண்ணின் கையில் கொடுத்தார். எழுமலைக்காரி, அவள் அம்மா வெண்ணெய் விற்பவள்.

"இதுக்குள்ள எத்தனைம்மா?"

அவள் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே ஒற்றைக் கொட்டை உருளும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை உருட்டினேன்.

"அஞ்சு சார்" என்றாள்.

இன்ஸ்பெக்டருக்கு ஏகத் திருப்தி. சாமான்கள் தங்கின. பெரிய டீச்சர் எனக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் அவளே வந்தாள். "டீச்சர், எங்கம்மா வெண்ணெய் நிறுக்கையில வெறும் சட்டிக்கு முதல்ல எடை கட்டிரும். நீங்களும் எதிர்த் தட்டுல ரெண்டு வெறும் பெட்டி வச்சிருந்தா சரியா வந்திருக்கும்."

குத்திக்காட்டவில்லை, எனக்கு உதவத்தான் வந்திருந்தாள். அதுதான் என்னை அதிகம் சுட்டது. இரண்டு பக்கமும் ஒன்றையே சேர்த்தால் சமம் மாறாது என்று நான் ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்த பாடம் அது.

மறுநாள் வகுப்பில் பெட்டியைப் பிரித்து ஒற்றைக் கொட்டையைக் காட்டினேன். ஐந்தைந்து போட்டு, மறு தட்டில் வெறும் பெட்டிகளை வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்ப நேத்து இவ சொன்னது பொய்யா டீச்சர்?"

"பொய் என்னோடது. இவ வாயால சொல்ல வச்சேன்" என்றேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். "இருக்கட்டும் டீச்சர்" என்று சிரித்தாள்.

அந்த வருடம் இயற்கணிதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நான் எந்தக் கேள்வி கேட்டாலும், விடை தெரிந்திருந்தும், முதலில் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.