இடது காலும் கிளட்சும்

மலைப்பாதையில் ஜீப்பை ஓட்டுவது கை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஓட்டுகிற எங்களுக்குத்தான் தெரியும், அது இடது கால் என்று.

பீர்மேட்டில் இருபது வருடமாக ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். கொண்டை ஊசி வளைவிலும் மூடுபனியிலும் ஒரு கீறல்கூட விழாத அந்தக் கால், ஆடி மாத மழையில் என் வீட்டு வாசற்படியின் பாசியில் வழுக்கி இரண்டு இடத்தில் ஒடிந்தது. தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். கணுக்கால் ஒழுங்காக மடங்கினால் வண்டி ஓட்டலாம், மடங்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த வேறு வேலை ஜீப் கழுவுவது ஒன்றுதான். கட்டுப் போட்டுப் படுத்தவர்களே, கக்கூசுக்குப் போக அடுத்தவர் தோளைத் தேடியவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பின்சீட்டுப் பயணம்

விழுந்த அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் சொந்த ஜீப். ஜீப் ஸ்டாண்டில் என்னோடு வண்டி ஓட்டும் முருகையா ஓட்டினான். நான் பின்னால். பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் செல்லத்தாயி அக்கா, அன்று தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகாமல் கூட வந்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஜீப்பை வாங்கிய நாளிலிருந்து அன்றுதான் முதன்முதலாகப் பின்னால் உட்காருகிறேன். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. சாரல் நேராக முகத்தில் அடித்தது. ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் ஏறி இறங்கியது. வலியில் முருகையாவைத் திட்டினேன், வண்டியைத் திட்டினேன், இந்தச் சீட்டைச் செய்தவனைத் திட்டினேன். அக்கா காலைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "நாங்க இருவது வருசமா இதுலதான தம்பி வாரோம்."

பத்து என்றால் இருபது

கட்டுப் பிரித்த பிறகு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்க ஒரு மலையாளப் பெண் இருந்தார். என்னைவிடப் பாதி வயது இருக்கும். பாதத்தில் ஒரு ரப்பர் பட்டையை மாட்டி, அதை முன்னால் அழுத்தித் தள்ள வேண்டும், காலையில் பத்து, சாயங்காலம் பத்து என்று சொல்லி அனுப்பினார். நானும் பக்தியோடு செய்தேன். ஒரு வாரத்தில் கணுக்கால் வீங்கிப் பணியாரமாகிவிட்டது. சொன்னபடிதான் செய்தேன் என்று அடித்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. எதிரில் உட்கார்ந்து செய்துகாட்டச் சொன்னார்.

செய்துகாட்டினேன். ஒரு அழுத்து, விட்டு, மறுபடி ஒரு அழுத்து. அப்புறம் 'ஒன்று' என்று எண்ணினேன். பழைய ஜீப் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கீழ் கியருக்கு வர கிளட்சில் ஒரு மிதி போதாது. மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். என் கால் இருபது வருடமாக அப்படித்தான் எண்ணிப் பழகியிருக்கிறது. இதில் இடது கை வேறு, எனக்குத் தெரியாமலே தொடைப் பக்கத்தில் இல்லாத கியரைப் போட்டுக்கொண்டிருந்ததாம். அந்தப் பெண் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு ரப்பர் பட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சேட்டா, இது பழைய ஜீப்பில்ல, காலாக்கும். ஒரு தடவை அழுத்தினா மதி, போதும்."

நகரும் ஸ்டாண்டு

எங்கள் ஸ்டாண்டில் வரிசை உண்டு. ஒரு வண்டி ஆள் நிறைந்து கிளம்பினால்தான் அடுத்த வண்டி ஆள் ஏற்றும். நான் படுத்திருந்த நாளெல்லாம் என் வண்டியின் முறையை யாரும் தாண்டிப் போகவில்லை. முறை வந்ததும், அப்போது கை ஓய்ந்திருக்கிறவன் என் ஜீப்பை எடுத்துப் போய்வருவான். யாரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பார்கள், அப்படிப்பட்ட ஆட்கள்தான் எல்லாரும்.

ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்ததும் முருகையா எனக்கு ஒரு வேலை கொடுத்தான். சர்க்கார் பஸ் வந்து நின்றதும் அதன் பக்கத்தில் போய், ஆட்களைக் கூப்பிட்டு ஜீப்புக்கு அழைத்து வர வேண்டும். இருபது தப்படிதான் இருக்கும். சும்மா வீட்டில் கிடப்பதற்கு இது மேல் என்று போனேன். இரண்டு மாதமாக நாளுக்கு எட்டுப் பத்துத் தடவை நடந்தேன். ஆனால் கால் தேறத் தேற ஏன் மூச்சு அதிகம் வாங்குகிறது என்று மட்டும் புரியவில்லை. பாவிகள், திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை ஜீப்புகளை ஒரு வண்டி நீளம் தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் இதைக் கண்டுபிடித்தவர், அரிசி மூட்டையோடு என் பின்னாலேயே நடந்து வந்த ஒரு பெரியவர். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டாண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "ஒன் காலு சரியாகுறதுக்குள்ள ஜீப்பு குமுளிக்கே போயிரும் போலிருக்கேப்பா."

வண்டி கேட்டு வந்தவர்

இவ்வளவுக்குப் பிறகும் கிளட்ச் முழுசாக அமுங்கவில்லை. ஓட்டம் முடிந்து வீட்டு முன் வந்து நிற்கும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்ப்பேன். பாதி வரை போகும், அங்கே கணுக்கால் நின்றுவிடும், தொடை நடுங்கும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் நல்ல விலைக்கு வண்டி தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, வந்து பார்க்கச் சொல்லி நானே ஆள் அனுப்பினேன். வீட்டில் சொல்லவில்லை.

அவர் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார், டயரைத் தட்டினார். நான் தலை குனிந்தபடி நின்றேன். என் மனைவி பேச்சியம்மா உள்ளிருந்து வந்தாள். பால் விடாத கட்டஞ்சாயாவை அவர் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, தம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு மரியாதையாகச் சொன்னாள்: "வண்டி விக்கிறதுக்கில்லைங்கய்யா. அவரு கால் வைக்க ஒரு எடம் வேணும்."

பாறை வளைவு

கணுக்கால் மெல்ல மெல்ல மடங்கி, தை பிறந்ததும் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். வண்டி எடுத்த முதல் நடையில் பதினொரு பேர். எல்லாரும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். வழியில் பாறை வளைவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்தி, கிளட்சைப் பாதியில் பிடித்து, முதல் கியரில்தான் ஏற்ற முடியும். கால் நழுவினால் வண்டி பின்னால் போகும். பின்னால் பள்ளம். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லாததற்குக் காரணம் அந்த வளைவுதான்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பின்சீட்டிலிருந்து யாரோ ஜீப்பின் தகரத்தில் தட்டினார்கள். நிறுத்தினேன். ஒருத்தி பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று இறங்கினாள். ஒருவர் போனில் சிக்னல் இங்கேதான் கிடைக்கும் என்றார். மீதிப் பேர் காரணம்கூடச் சொல்லவில்லை, இறங்கி மேலே நடக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நன்றியாகவும் இருந்தது. காலி ஜீப்பை எடுத்தேன். பாதிக் கிளட்சில் கால் நடுங்கியது, நழுவவில்லை. மேலே ஏற்றி நிறுத்தியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மூச்சு வாங்க ஒவ்வொருவராக வந்து ஏறினார்கள். கடைசியாக செல்லத்தாயி அக்கா வந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார்: "ஏத்திட்டேல்ல. நாளைக்கு நாங்க எறங்க மாட்டோம் தம்பி, எங்களுக்கும் காலுதான்."

டாக்டர் கொடுத்த சான்றிதழ் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, ஆனால் மறுநாள் அந்த வளைவில் பதினொரு பேரும் பேச்சைக்கூட நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார்களே, கால் தேறிவிட்டது என்று அப்போதுதான் நானே நம்பினேன்.