ரத்தம் எடுத்தவர்

பாலியல் தொழில் செய்து பிழைக்கிறவளுக்கு விடிந்தால்தான் தூக்கம். எழுந்து ஓடுவதற்குள் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை அறையைப் பூட்டிவிடுவார்கள். ஒருமுறை நேரத்துக்குப் போனவளை, "என்ன வேலை பண்றே?" என்று நர்ஸ் அத்தனை பேர் முன்னால் கேட்கவும், கூனிக்குறுகித் திரும்பிவிட்டாள்.

இன்று கண்ணை மூடாமல் நேரே போனாள். ரத்தம் எடுக்கிற ஊழியராக உட்கார்ந்திருந்தவர், அவளிடம் வழக்கமாக வந்துபோகிறவர். அவளைக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறிப்போனது. திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். இன்னொரு தடவை அலைய உடம்பில் தெம்பில்லை. கையை நீட்டினாள்.

மத்தியானம் அவரே தணிந்த குரலில், "உனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"சரிங்க. நீங்களும் ஒருதரம் பாத்துக்குங்க."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிப்போனாள்.