வளைவில் பிடுங்கிய கம்பு

பஸ் ஓடவில்லை என்று தெரிந்தும் நான் திரும்பவில்லை. ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்வால்ட் மலையில் ஒரு ஹோட்டலில் ஏழு மாதம் கோப்பை கழுவினேன். அலுத்துப்போய் அன்று மத்தியானம் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். ஸ்டேஷன் ஐந்து கிலோமீட்டர் கீழே. காலில் மழைக்கு வாங்கிய சப்பாத்து.

கூடக் கோப்பை கழுவிய யாழ்ப்பாணத்து அண்ணை வாசல்வரை வந்து கத்தியிருந்தார்.

"பனிப்புயலாம், ரேடியோவில ஒருத்தரையும் வெளிய போகவேண்டாம் எண்டு சொல்லுறான். நீ நாளைக்குப் போவன்!"

"நாளைக்கெண்டா மனம் மாறிடும், அண்ணை."

"மாறினா நல்லதுதானே, விசரா!"

முதலில் ஒரே குதூகலம். பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் பாய்ந்து வந்தது. காற்றோடு தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் சற்றுமுன் வைத்த அடி இல்லை. பிறகு றோட்டும் இல்லை. வானமும் தரையும் ஒரே வெள்ளை. ஓர் அடி பிசகி இடுப்புவரை வாய்க்காலுக்குள் போனேன்.

றோட்டோரம் ஆளுயரத்துக்கு மேல் செம்மஞ்சள் கம்புகள் நட்டிருந்தார்கள். சைக்கிள் போட்டிக்காக்கும் என்று நினைத்திருந்தேன். காற்று ஓயும்போது ஒன்றிலிருந்து அடுத்தது தெரியும்; அதைப் பிடித்துக்கொண்டு போனேன். மான் படம் போட்ட பலகைக்குச் சற்று மேலே, வளைவில் ஒன்று சாய்ந்து நின்றது. ஆட்டிப் பிடுங்கி ஊன்றுகோலாக்கிக்கொண்டேன். குத்திக் குத்தி நடக்க எவ்வளவு வசதி!

காற்சட்டை பலகையாக இறுகியது. விரல்கள் என்னுடையவை இல்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு இதமாகச் சுட்டது; உட்கார்ந்தால் சுகம் என்று தோன்றியது. குளிர் ஆளைக் கொல்வது அப்படித்தான் என்று பிறகுதான் அறிந்தேன். அந்நேரம் கீழிருந்து மஞ்சள் விளக்குச் சுழன்று வந்தது. கம்பைத் தலைக்கு மேலே ஆட்டினேன்.

பனி தள்ளும் லொறி. ஓட்டி வந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஜெர்மன் பெண். ஏற்றினார், சுடுதேநீர் தந்தார். கம்பைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எங்கே பிடுங்கினாய்?"

"மேலே, வளைவில்."

"அங்கே பக்கத்தில் பள்ளம். இந்தக் கம்பைப் பார்த்துத்தான் நான் வண்டியைத் திருப்புவேன். உனக்குக் கைத்தடி, எனக்குக் கல்லறையா?"

மேலே ஹோட்டலுக்கு அவர் போயே ஆகவேண்டும். அவர் பனியைத் தள்ளி முடிக்கும்வரை ஓர் அம்புலன்ஸும் ஏறாது. நானும் கூடப் போனேன். மான் பலகை விளக்கில் தெரிந்ததும் கம்போடு குதித்தேன். நின்ற கடைசிக் கம்பிலிருந்து குத்திக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கம்பு தட்டுப்படாமல் உள்ளே போனது; அதுதான் பள்ளம். ஓர் அடி பின்வைத்து, கம்பை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து நின்றேன். பதறவில்லை என்றால் பொய். லொறியின் பனி தள்ளும் இரும்புத் தகடு என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி உறுமிக்கொண்டு திரும்பியது. சன்னலைத் திறந்து அவர் கத்தினார்:

"கம்பே, ஏறு!"

அன்றிரவு லொறிகள் நிற்கும் கொட்டகையில், ஹீட்டர் பக்கத்தில் படுத்தேன். காலையில் காற்று ஓய்ந்திருந்தது. ரயில் ஓடுகிறது என்றார்கள். அவர் குழி தோண்ட ஓர் அலவாங்கையும் மஞ்சள் ஜாக்கெட்டையும் நீட்டினார்.

"விழுந்த கம்பெல்லாம் திரும்ப நடவேண்டும். ஆள் போதாது."

வாங்கிக்கொண்டேன். முதல் குழியை அந்த வளைவில்தான் தோண்டினேன்.