பின்னைச் சொருகியவள்

ஊரில் எனக்கு மைக் செட்காரர் மகள் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், கடலை ஒட்டிய ஊர். காதுகுத்து, மஞ்சள் நீர், ஆடிக் கூழ், சாவு, எதுவானாலும் சத்தம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி கூம்பு ஸ்பீக்கர், மைக், ஒரு மூட்டை ஒயர். அப்பாவின் சொத்து அவ்வளவுதான்.

அப்பா அதிகம் பேச மாட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, அதை வைத்தே கிண்டல் செய்வார்.

"ஊருக்கே சத்தத்த வாடகைக்கு வுடுற ஆளு. வூட்டுல ஒரு வார்த்த வருதா பாரு."

"நீ பேசுறது ரெண்டு வூட்டுக்குப் போதும்டா," என்பாள் அம்மா.

மாமா ஆட்டோ ஓட்டினார். வீடு கம்பெனி மதில் பக்கம். ரசாயனக் கம்பெனி. அவர் வீட்டு அடிபம்புத் தண்ணீர் நாறும். நான் ஒன்பதாவது படித்த வருஷம் பொங்கலுக்கு அத்தை வாசலில் பானை வைத்தாள். சோறு மஞ்சளாக வெந்தது. படைக்காமலே குழி வெட்டிக் கொட்டினார்கள். அத்தை அழவில்லை. புதுப் பானையையும் அதே குழியில் போட்டு மூடினாள்.

அந்தக் கம்பெனியை இன்னும் பெரிதாகக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்கு முன்னால் அரசாங்கம் ஊர் ஜனங்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம். சட்டம் அப்படி. மேடையில் அதிகாரி உட்காருவார். யார் வேண்டுமானாலும் மைக்கில் பேசலாம். பேசியது பதிவாகும். மாமா வேறு எதற்கும் ஆசைப்படவில்லை. சோறு மஞ்சளாக வெந்தது அதிகாரி காதில் விழ வேண்டும், பதிவாக வேண்டும். அதற்காக ஆட்டோ ஓட்டிக்கொண்டே தனியாகப் பேசிப் பழகினார். சவாரி வந்தவர்கள் பயந்துபோய் வழியிலேயே இறங்கிக்கொண்டார்கள்.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். மைக் செட்டுக்கு அப்பாவைப் பிடித்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடப் போனேன். அப்பாவுக்கு வேறு ஆள் கிடையாது. ஒயர் சுற்றுவது என் வேலை. தொழிலை அப்பா எனக்கு ஒரே தடவைதான் சொல்லிக் கொடுத்தார். சத்தம் நின்றால் பதறாதே. முதலில் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கைப் பார். எரிந்தால் கரண்ட் இருக்கிறது. அடுத்து அதில் சொருகியிருக்கும் மைக் ஒயரின் பின்னைப் பார். கழன்றிருந்தால் சொருகு.

மண்டபத்தில் ஜனங்களைவிடப் போலீஸ் ஜாஸ்தி. நாற்காலி நிறைந்துவிட்டது என்று எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் அங்கேதான் நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் வேனில் வந்தவர்கள். ஒரு முகமும் எங்களுக்குத் தெரியாது. வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று அப்பா கூம்புகளை ரோட்டைப் பார்த்துக் கட்டினார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அப்பாவின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்ததும் ஒரு கான்ஸ்டபிளிடம் அப்பாவுக்கு டீயும் எனக்கு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கி வரச் சொன்னார். இன்ஸ்பெக்டரே தோளில் கை போடும் அளவுக்கு அப்பா பெரிய ஆள் என்று எனக்குப் பெருமை. அப்பா டீயைத் தொடவில்லை. ஆறி ஆடை கட்டியது.

வேனில் வந்தவர்கள் முதலில் பேசினார்கள். கம்பெனி வந்தால் வேலை வரும், ரோடு வரும் என்றார்கள். நன்றி சொல்லி உட்கார்ந்தார்கள். அப்புறம் மாமா. தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா நிமிரவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அப்பாவும் நானும் மட்டும்தான்.

"ஐயா, எங்க வூடு கம்பெனி மதுலு பக்கம். நான் படிச்சவன் இல்ல. நடந்தத சொல்றேன். பொங்கலன்னிக்கு எங்க வூட்டுல பானை வச்சோம்…"

அதோடு சத்தம் நின்றது.

மாமாவின் வாய் அசைந்தது. கூம்பில் ஒன்றும் வரவில்லை. ரோட்டில் கூச்சல். "கரண்டு பூடுச்சு," என்றார் அப்பா. யாரையும் பார்க்காமல் சொன்னார். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாமா நகரவில்லை. இன்ஸ்பெக்டர் மேடையேறி அவர் கையைப் பிடித்தார்.

நான் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். எரிந்தது. பின்னைப் பார்த்தேன். தரையில் கிடந்தது. இத்தனை வருஷம் தொழில் செய்கிற அப்பா இதைக் கவனிக்கவில்லையே என்று நினைத்தேன். குனிந்து எடுத்துச் சொருகினேன்.

கூம்பில் டொப்பென்று ஒரு சத்தம். பின்னாலேயே மாமா குரல், ரோடு முழுக்க.

"…கைய வுடுங்க சார். கருத்து கேக்கறேன்னு கூப்டது நீங்க. சொல்ல வந்தா புடிச்சி இழுக்கறீங்க. எங்க வூட்டு சோறு மஞ்சளா வெந்துச்சு. இன்னா, எழுதிக்கிட்டீங்களா? மஞ்சளா வெந்துச்சு!"

ரோட்டில் நின்றவர்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். லத்தி சுழன்றது. கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு அதிகாரி காரில் ஏறிப் போனார். மாமாவை ஜீப்பில் ஏற்றினார்கள். வெள்ளைச் சட்டையின் ஒரு கை கிழிந்து தொங்கியது. அதிகாரியை வேலை செய்ய விடாமல் தடுத்தார் என்று கேஸ். அதிகாரிக்கு அன்றைக்கு இருந்த வேலை கருத்துக் கேட்பது.

இன்ஸ்பெக்டர் எங்களிடம் வந்தார்.

"எவன்டா சொருவுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நான்தாங்க," என்றார்.

அறை விழுந்தது. அப்பா தடுமாறியதில் ஒரு கால் செருப்பு கழன்றது. அதைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் நேராக நின்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அறைந்தவர் மேல் இல்லை, அப்பா மேல். கண்டுபிடித்தது நான். சொருகியது நான். பேர் இவருக்கா? நான்தான் என்று கத்தினேன். பாதி வார்த்தையில் ஒரு கை பின்னாலிருந்து என் வாயைப் பொத்தியது. அம்மா. வளையல் என் பல்லில் இடித்தது. ரோட்டைத் தாண்டும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

கேஸில் அப்பா பெயரையும் சேர்த்தார்கள். ஆம்ப்ளிஃபயர், கூம்பு, மைக் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போனது. கோர்ட்டில் காட்ட வேண்டுமாம். இன்றைக்குவரை திரும்பவில்லை. அப்பா மீன் பெட்டி ஏற்றும் கூலிக்குப் போனார். நான் ஒன்பதாவதோடு நின்றேன். கூட்டத்தில் பொதுமக்கள் ஆதரவு தெரிவித்ததாகப் பேப்பரில் வந்திருக்கிறது என்று டீக்கடையில் படித்தார்கள். மாமா சொன்னது எங்கேயும் பதிவாகவில்லை. கம்பெனி பெரிதானது. மதில் இன்னும் கொஞ்சம் மாமா வீட்டுப் பக்கம் வந்தது.

மாமா ஜாமீனில் வந்த அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா நண்டு வைத்திருந்தாள். இலையில் உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்துவிட்டார்.

"எவனோ கம்பெனிக்காரன் பின்ன புடுங்கிட்டான். இன்ஸ்பெக்டர் நிக்கறான், அவன் கண்ணு முன்னாடியே மச்சான் எடுத்து சொருவுறாரு. எவனுக்கு வரும் அந்த தில்லு? வாயே தொறக்காத ஆளுன்னு இவர நக்கல் பண்ணேனே, என்ன செருப்பால அடிக்கணும்."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். கொல்லையில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அடுத்தவள் செய்ததற்குப் பேர் வாங்கினால் இப்படித்தான் கூசும் என்று நினைத்தேன். நல்லா வேணும் என்றும் நினைத்தேன். மாமா காதில் போய்ச் சொன்னேன், சொருகியது நான் என்று. மாமா நம்பவில்லை.

"மைக் செட்டு மவளாச்சே. அப்பன் பேர நீ வாங்கிக்கப் பாக்குறியா?" என்று என் தலையில் குட்டினார்.

கேஸ் இன்னும் முடியவில்லை. இரண்டு பேரும் வாய்தாவுக்குச் சிதம்பரம் கோர்ட்டுக்குப் போய் வருகிறார்கள். ஒரே பஸ், ஒரே சீட். மாமா வழி நெடுகப் பேசிக்கொண்டு வருவார். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார்.

சொருகியது யார் என்பதற்காக அப்போது நான் அப்பாவோடு பேசாமல் இருந்தேன். அவர் கன்னம் வீங்கியிருந்த நாட்களில்கூடப் பேசவில்லை. பிடுங்கியது யார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.